தாளின் பின்பக்கம்

அத்தியாயம் 14

தபாலாபீசில் கடிதம் பிரிக்கும் கூடத்தில் அம்மாவின் செருப்பு ரத்தத்தில் ஊறியிருந்ததையும், பக்கத்து மேசைக்காரி போட்ட கூச்சலையும், குதிகாலிலிருந்து துளி சதை வெட்டிச் சோதனைக்கு அனுப்பியதையும் போன வாரம் பார்த்தோம். அந்தச் சோதனையின் முடிவு இன்று.

ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில் மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா நடுவில். பெரியவள் ஒரு பக்கம், சின்னவள் ஒரு பக்கம்.

சின்னவளுக்கு வீட்டில் ரேடியோ என்று பெயர். மின்சாதனக் கடையில் விற்பனைக்கு நிற்கிறவள். அங்கே எட்டு மணி நேரம் பேசியது போதாதென்று இங்கேயும் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் இருக்காதும்மா. ஒரு கால் ஆணிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம். எங்க கடைல ஒருத்தர் வாஷிங் மெஷினோட காலைத் தன் கால் மேல வச்சுக்கிட்டாரு. அவரே ரெண்டு நாள்ல வேலைக்கு வந்துட்டாரு."

"வாஷிங் மெஷினுக்குக் கால் இருக்கா?"

"நாலு இருக்கும்மா. நம்மளைவிட ரெண்டு ஜாஸ்தி."

அம்மா சிரித்தாள். பெரியவள் சிரிக்கவில்லை. அவள் பிசியோதெரபிஸ்ட். சதையை வெட்டி எடுத்த அன்று டாக்டரம்மா முகத்தைப் பார்த்தவள். அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "இது கால் ஆணி இல்லம்மா. மெலனோமான்னு சொல்லுவோம். தோல்ல வர்ற புற்று."

ரேடியோ நின்றது.

"குதிகால்ல இருக்கறதை வெட்டி எடுத்துடலாம். எனக்கு அதைவிடக் கவலை இங்கதான்." டாக்டரம்மா தன் தொடையிடுக்கைத் தொட்டுக் காட்டினார். "போன தடவை தொட்டுப் பாத்தப்பவே நெறி கட்டியிருந்துச்சு. நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு ஸ்கேன் எடுத்துடலாம். எதுவரைக்கும் போயிருக்குன்னு பாத்தாத்தான் மேல பேச முடியும்."

அம்மா தலையாட்டினாள். விடுப்பு மறுக்கப்பட்ட விண்ணப்பத்தைத் திரும்ப வாங்குகிறவள் மாதிரி, கையை மட்டும் நீட்டிச் சீட்டை வாங்கிக்கொண்டாள்.

"இந்தப் புள்ளி எத்தனை நாளா இருக்கு?"

"ஆறு மாசம் இருக்கும்."

"ஆறு மாசமா என்ன பண்ணீங்க?"

"லைட் காட்டினேன்."

"என்ன லைட்?"

அம்மா மகள்களைப் பார்த்தாள். பெரியவள்தான் சொன்னாள்.

எட்டு மாதம் முன்பு அம்மாவின் பிறந்தநாளுக்குச் சின்னவள் ஒரு சிவப்பு விளக்கு வாங்கி வந்தாள். சதுரப் பலகை, முழுக்க சின்னச் சின்ன பல்புகள். முப்பது வருஷம் நின்றபடியே கடிதம் பிரித்ததில் அம்மாவின் முழங்கால் தேய்ந்திருந்தது. பெரியவளின் கிளினிக்கிலும் அதே மாதிரி விளக்குதான். எனவே எப்படிக் காட்ட வேண்டும் என்று அவளே சொல்லிக் கொடுத்தாள். ஒரு சாண் தள்ளி வைக்கணும், பத்து நிமிஷம், ஒரு நாள் விட்டு ஒரு நாள். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. கூடவே உடற்பயிற்சி. மூன்றாம் மாதம் அம்மா கைப்பிடியைப் பிடிக்காமல் படி ஏறினாள்.

"முழங்காலுக்குக் கொஞ்சம் கேக்கும். நல்லதுதான்," என்றார் டாக்டரம்மா. "குதிகால்ல ஏன் காட்டினீங்கம்மா?"

"முழங்காலுக்கு நல்லா இருந்துச்சே."

"டாக்டர்," பெரியவளின் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "அந்த லைட்டாலதான் இது…"

"லைட்டால வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். அதுக்கு ஆதாரம் இல்ல. ஆனா கட்டி, மச்சம், என்னன்னு தெரியாத புண், இதுமேலெல்லாம் காட்டவே கூடாது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல."

"தெரியும்."

"வலியைக் கொஞ்சம் அடக்கியிருக்கும். வலி குறைஞ்சா ஆறுதுன்னுதான் யாரும் நினைப்பாங்க. அந்த மாசமெல்லாம்தான் வீணாப் போச்சு." அவர் அம்மா பக்கம் திரும்பினார். "யாராவது சொன்னாங்களா, புண்ணுல காட்டச் சொல்லி?"

"யாரும் சொல்லல. நானாத்தான்."

சொல்லிவிட்டு அம்மா கீழே குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

மருந்து வாங்கும் வரிசையில் அம்மா நின்றாள். "எனக்கு நிக்கத் தெரியும், நீங்க உக்காருங்க" என்று பிடிவாதம். மகள்கள் இரண்டு பேரும் மாடிப்படி ஓரத்தில் நின்றார்கள்.

"நீதானே சொன்ன?" என்றாள் பெரியவள்.

"என்னக்கா?"

"அம்மாகிட்ட. புண்ணுக்கும் காட்டுன்னு. நீதானே சொல்லியிருப்ப? முகத்துக்கு நல்லது, முடிக்கு நல்லது, முதுகுக்கு நல்லதுன்னு வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் அளக்கறது நீதானே? அன்னைக்கு மாடிவீட்டு அக்காகிட்ட என்ன சொன்ன? 'இது காட்டாத இடம் பாக்கியிருக்கக் கூடாது'ன்னு சொன்னியா இல்லையா?"

"அது சும்மா ஒரு பேச்சுக்கு…"

"பேச்சு! உன் பேச்சுல ஒரு டிவி விக்கலாம், ஒரு மிக்ஸி விக்கலாம். அம்மாவை வித்துட்டியேடி. உன் வாய்தான் அம்மாவைக் கொல்லப் போகுது."

படியில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். ஒரு நர்ஸ் தட்டோடு ஒதுங்கி நின்றாள். மேல் மாடிக் கைப்பிடியில் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன.

சின்னவள் கையிலிருந்த ஃபைலைப் பெஞ்சின் மேல் மெதுவாக வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

மருந்துப் பையோடு வந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "அவளை ஏன்டி…" என்று ஆரம்பித்தவள் அத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

*

அம்மாவை வீட்டில் விட்டுவிட்டுப் பெரியவள் கிளினிக்குக்குப் போனாள். விடுப்பு கேட்டிருக்கலாம். வீட்டில் அம்மாவோடு ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும் தைரியம் வரவில்லை.

இரண்டரை மணிக்கு ஒரு டீச்சர் வந்தாள். கழுத்து வலி. ஆறாவது தடவை. பெரியவள் விளக்கை நகர்த்தி, தூரம் அளந்து, கண்ணாடியை மாட்டிவிட்டாள். பொத்தானை அழுத்தியதும் திரைச்சீலைக்குள் எல்லாம் சிவந்தது. டீச்சரின் நரைமுடிகூடச் சிவப்பு.

"புதுசா ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா? சில மாத்திரை சாப்பிடறப்ப வெளிச்சம் பட்டா தோல் பொரிஞ்சு போகும், அதான் கேக்கறேன்."

"ஒண்ணும் இல்லம்மா. இன்னும் அஞ்சு நிமிஷம் சேத்து வையேன், சுகமா இருக்கு."

"கூட வச்சா கூடப் பலன் கிடையாது டீச்சர். பத்து நிமிஷம் போதும்."

வாய் தன்பாட்டுக்குப் பேசியது. மனசு மாடிப்படியிலேயே நின்றுகொண்டிருந்தது.

கடிகாரம் 'பீப்' என்றது. டீச்சர் எழுந்து உட்கார்ந்து, பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தாள்.

"நீ குடுத்ததுதான். பத்திரமா வச்சிருக்கேன். இதுல புண்ணும் ஆறும்னு போட்டிருக்கே? வீட்டுக்காரருக்குக் கணுக்கால்ல ஒரு புண்ணு, ரெண்டு மாசமா ஆற மாட்டேங்குது. சர்க்கரை வேற. பேசாம இந்த விளக்கு ஒண்ணு வாங்கிடலாமான்னு பாக்கறேன்."

பெரியவள் தாளை வாங்கினாள்.

மூன்று வருஷம் முன்பு அவளே எழுதி, அவளே அச்சடிக்கக் கொடுத்த தாள். மேலே ஒரு முழங்காலின் படம். அதற்குக் கீழே 'சிவப்பு ஒளி சிகிச்சையின் பயன்கள்'. மூட்டு வலி குறையும். தசைப்பிடிப்பு தளரும். நான்காவது வரி: 'ஆறாத புண்கள் ஆறவும் துணைசெய்யும்.'

எழுதும்போது கிளினிக்கில் டாக்டர் பார்த்து அனுப்புகிற புண்களைத்தான் நினைத்திருந்தாள். அந்த வரியில் டாக்டர் இல்லை.

விளக்கு வீட்டுக்கு வந்த அன்று, "இதுல எல்லாம் இருக்கும்மா, இதும்படி செய்" என்று அம்மா கையில் கொடுத்தது இதே தாள்.

"என்னம்மா, உனக்கு முடியலையா?" என்று கேட்டாள் டீச்சர்.

"டீச்சர், விளக்கெல்லாம் வேண்டாம். நாளைக்கே அவரை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க. அது என்ன புண்ணுன்னு முதல்ல தெரியணும். சர்க்கரைக்காரங்களுக்குக் கால்ல சூடு பட்டாலும் தெரியாது. தயவுசெஞ்சு வேண்டாம்."

டீச்சர் போனபின் மேசைத் தட்டிலிருந்த தாள்களை மொத்தமாக எடுத்துத் தன் பைக்குள் திணித்தாள். அடுத்து வந்த நோயாளியிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

*

அம்மா தன் அறையில், கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்ட கால் முக்காலியில். மற்றக் காலில் சாக்ஸ்.

வீட்டுக்குள் ஆறு மாதமாக அம்மா சாக்ஸோடுதான் நடந்தாள். தரை ஜில்லுன்னு இருக்கு என்பாள். பெரியவளும் வாரம் தவறாமல் முழங்காலை மடக்கி நீட்டிப் பார்ப்பாள். சாக்ஸை ஒரு தடவை கழற்றச் சொல்லியிருந்தால்…

"அம்மா, நான் குடுத்த தாள் எங்க?"

"எந்தத் தாள்?"

"அம்மா."

அம்மா அலமாரியைப் பார்த்தாள். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அது போதுமாயிருந்தது.

பெரியவள் அம்மாவின் அலமாரியை என்றைக்கும் திறந்ததில்லை. திறந்தாள். கீழ்த்தட்டில் விளக்கு. கதவின் உட்புறம், கட்டிலில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக வரும் உயரத்தில், நாலு மூலையிலும் டேப் போட்டு அந்தத் தாள். நான்காவது வரியின் கீழ் பென்சிலால் நேராக ஒரு கோடு. பக்கத்தில் அம்மாவின் கையெழுத்தில்: 'குதிகால் – தினமும்.'

பெரியவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"திருப்பிப் பாக்கலையாம்மா? பின்பக்கம் எழுதியிருந்தேனே."

"உறையோட முன்பக்கந்தான்டி எங்களுக்கு. பின்பக்கம் அனுப்புனவங்க விலாசம். அதை நாங்க பாக்கறதில்ல." அம்மா சிரிக்கப் பார்த்தாள். "கோழி கிறுக்கின முகவரியெல்லாம் படிச்சுச் சேத்தவ நான். உன் எழுத்து அச்செழுத்து. நம்பிட்டேன்."

"காலைல ஏன் சொல்லல? டாக்டர் கேட்டாங்களே."

"சொல்லி? அந்தம்மா முன்னாடி உன்னைத் தலைகுனிய வைக்கறதா?"

"அவளை அத்தனை பேர் முன்னாடி நான்…"

"கேட்டேன்." அம்மா கையை நீட்டி அவள் தலையைத் தொட்டாள். "அதைக் கிழிச்சுப் போட்டுடு. அவ வர்றதுக்குள்ள. நான் இல்லாமப் போனா நீங்க ரெண்டு பேருந்தான். அவ மனசுல இது விழுந்துடுச்சுன்னா உன் முகத்துல முழிக்க மாட்டா. சும்மா இரு. அது போதும்."

பெரியவள் டேப்பை நகத்தால் உரித்தாள். ஒவ்வொரு மூலையாக. கிழிக்கக் கை வரவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆறு மணிக்குச் சின்னவள் வந்தாள். வாசலிலேயே அழுதுவிட்டிருக்க வேண்டும், கண் வீங்கியிருந்தது. நேராக அம்மாவின் காலடியில் போய் உட்கார்ந்தாள்.

"நான் சொல்லியிருப்பேன்மா. எனக்கு ஞாபகமே இல்ல. நாள் பூரா யோசிச்சுப் பாத்தேன். ஒரு நாளைக்கு இருபது பேர்கிட்ட 'இதுக்கும் நல்லது அதுக்கும் நல்லது'ன்னு சொல்றேன். உங்கிட்டயும் சொல்லித்தான் இருப்பேன். இன்னைக்குக் கடைல ஒருத்தர் வந்து அந்த லைட்டைக் கேட்டாரு. எனக்குப் பேச்சே வரல. ஸ்டோர் ரூம்ல போய் உக்காந்துட்டேன்."

"நீ சொல்லலடி," என்றாள் அம்மா. "நான்தான் கிறுக்கி."

"அக்கா சொன்னது சரிதான். என் வாய்தான். அக்கா, என்னை மன்னிச்சுடு."

பெரியவளின் மடியில் அவள் தலை வந்து விழுந்தது. அம்மா மேலிருந்து பெரியவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசையாமல் கண்ணால் கெஞ்சினாள்.

பெரியவள் தங்கையின் முதுகைத் தடவினாள். ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாவது தடவை கை நின்றுவிட்டது.

"நீ சொல்லல," என்றாள். "நான் எழுதினேன்."

தாளை நீட்டினாள்.

சின்னவள் நிமிர்ந்து உட்கார்ந்து படித்தாள். கோட்டைப் பார்த்தாள். அம்மாவின் கையெழுத்தைப் பார்த்தாள். தாளைத் திருப்பவில்லை. கட்டில் மேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

"காலைல மூணு மாடியும் கேக்கறமாதிரி சொன்ன."

"சொன்னேன்."

"இப்ப நாலு சுவத்துக்குள்ள சொல்ற."

"உன் கடைக்கே வந்து சொல்றேன். அந்தப் படியிலேயே நின்னு சொல்றேன்…"

"வேண்டாம். நீ பேச வேண்டாம். நானே பேசறதில்லன்னு இருக்கேன்."

அவள் குடியிருந்தது கடைக்குப் பக்கத்தில், இன்னும் மூன்று பெண்களோடு. பையை எடுத்துக்கொண்டு அங்கேயே போய்விட்டாள். கதவை அறைந்து சாத்தவில்லை. சத்தமில்லாமல் சாத்தினாள்.

அம்மா சுவர் பக்கம் திரும்பிப் படுத்தாள். "நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு."

"முடியலம்மா. அவ என் மடியில படுத்துக்கிட்டு மன்னிப்புக் கேக்கறா."

"நாளைக்கு நான் வரல."

"எங்க?"

"ஸ்கேனுக்கு. அவ இல்லாம வர மாட்டேன். அந்தக் குழாய்க்குள்ள போறவரைக்கும் அவ பேச்சு எனக்குக் கேக்கணும். நீ நல்லவதான். ஆனா நீ பேசாம நிப்ப. நீ பேசாம நின்னா எனக்குச் சாவு பயம் வருது."

பெரியவள் கூடத்துக்கு வந்து தங்கைக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்து நின்றது. மறுபடி போட்டாள். சின்னவள் துண்டித்தாள். மூன்றாவது தடவை எடுத்தாள். மூச்சு மட்டும் கேட்டது. பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம்.

"ரேடியோ… அம்மா ஸ்கேனுக்கு வரமாட்டேங்கறா. நீ வந்தாத்தான் வருவாளாம். எங்கிட்டப் பேச வேண்டாம். அம்மாகிட்டப் பேசினாப் போதும். எட்டு மணிக்கு. வர்றியா?"

மூச்சு.

"வர்றியாடி?"

"அந்தத் தாள் கைல இருக்கா?" என்றாள் சின்னவள்.

"இருக்கு."

"பின்பக்கம் என்ன எழுதியிருக்க? படி."

பெரியவள் தாளைத் திருப்பினாள். கூடத்து விளக்குக்கு அடியில் போய் நின்றாள். எழுத்து சின்னது.

"கவனிக்க வேண்டியவை. ஒன்று, வெளிச்சத்தை நேராகப் பார்க்கக் கூடாது, பாதுகாப்புக் கண்ணாடி அணியவும். ரெண்டு, பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மூணு, தோல் சிவந்தாலோ எரிந்தாலோ நிறுத்திவிடவும். நாலு, வெளிச்சம் ஒத்துக்கொள்ளாத மாத்திரைகள் உண்டு, சாப்பிடுகிற மருந்துகளை முன்கூட்டியே சொல்லவும். அஞ்சு…"

தாளைக் கண்ணுக்கு இன்னும் கிட்டே கொண்டுவந்தாள்.

"படிக்கா."

"அஞ்சு. மச்சம், கட்டி, காரணம் தெரியாத புண் ஆகியவற்றின் மேல் ஒருபோதும் காட்டக் கூடாது. உடனே மருத்துவரைப் பார்க்கவும்."

பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

"அதை ஏன்க்கா முன்பக்கத்துல போடல?"

பெரியவள் தாளை மறுபடி திருப்பிப் பார்த்தாள். மேல்பாதி முழுக்க அந்த முழங்கால் படம்.

"படம் போட்டேன்," என்றாள். "அதுல இடம் இல்லாமப் போச்சு."

போன் வைக்கப்பட்டது. மறுபடி போட்டபோது அணைக்கப்பட்டிருந்தது.

உள்ளேயிருந்து, தூங்கிவிட்டாள் என்று நினைத்திருந்த அம்மாவின் குரல் வந்தது.

"என்னடி சொன்னா? வர்றாளாமா?"